மகரந்தத்தூளும் விந்தணுவும் ஒன்றா? கிடாவையும் நெல்லையும் வைத்து ஒரு பதில்

அம்பாசமுத்திரம் பக்கம் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, விலங்கியலில் விந்தணு உருவாவது ஒரு பாடம், தாவரவியலில் மகரந்தத்தூள் உருவாவது இன்னொரு பாடம். ரெண்டிலும் மியாசிஸ் வருது. அப்போ மகரந்தத்தூள்தான் செடியோட விந்தணுவா? இன்னொன்னும் கேக்கணும். எங்க வீட்டுக் கன்னி இனத்து ஆட்டுக் கிடாவுக்குச் சித்திரைக் கடைசியில நல்ல காய்ச்சல். இப்போ ஆனி பிறந்தாச்சு. ஆட்டோட சேருது, ஆனா ஒண்ணுகூட சினை பிடிக்கல. வித்துடலாம்னு அப்பா சொல்றாங்க. காய்ச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மகரந்தத்தூள் விந்தணு கிடையாது. விந்தணுவைத் தனக்குள் உண்டாக்கிச் சுமந்து போகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டித் தாவரம் அது. கிடாவை விற்க அவசரப்பட வேண்டாம். காய்ச்சலுக்கும் சினை பிடிக்காததற்கும் சம்பந்தம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏன் என்பது விந்தணு வளரும் கதையிலேயே இருக்கிறது. அதனால் கிடாவில் இருந்தே ஆரம்பிப்போம்.

கிடாக்குட்டி தாய் வயிற்றில் சின்னஞ்சிறு கருவாக இருக்கும்போதே, பிற்காலத்தில் விந்தணுவாகப் போகிற செல்கள் எவை என்பது முடிவாகிவிடும். அவை விந்தகத்தில் பிறப்பதில்லை. விந்தகம் உருவாவதற்கு முன்பே மஞ்சட்கருப் பையின் சுவர்ப் பக்கம் தென்படும். அங்கிருந்து குடலை ஒட்டி நகர்ந்து வந்து, விந்தகம் வரப்போகிற இடத்தில் குடியேறும். மற்ற செல்கள் தோல், எலும்பு, தசை என்று மாறிக்கொண்டிருக்க, இவை மட்டும் தனியாக ஒதுக்கி வைக்கப்படும். குட்டி பிறந்து பருவத்துக்கு வரும் வரை மியாசிஸ், அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு, என்ற பேச்சே இல்லை.

பருவத்துக்கு வந்த கிடாவின் விந்தகத்துக்குள் நுண்ணிய குழல்கள் சுருண்டு சுருண்டு அடைந்து கிடக்கும். அந்தக் குழல் ஒன்றின் குறுக்குவெட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை மைட்டாசிஸ் முறையில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கை மாறாமல், பிரிகின்றன. ஒரு பங்கு, இருப்பு குறையாமல் அங்கேயே நிற்கிறது. இன்னொரு பங்கு மேலும் சில தடவை பிரிந்து, முதல்நிலை விந்து செல்லாகி, குழலின் நடுவை நோக்கி நகர்கிறது. நடுவுக்குப் போகப் போக வயது கூடும். ஒரே வயலில் ஒரு ஓரம் நாற்றங்கால், அடுத்து நடவு, நடுவில் அறுப்பு என்று எல்லாம் ஒரே நாளில் நடந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அந்தக் குறுக்குவெட்டு. ஒரு நாளைக்குப் பல நூறு கோடி விந்தணுக்கள் ஒரு செம்மறிக் கிடாவில் உற்பத்தியாக முடிவது இதனால்தான்.

முதல்நிலை விந்து செல்லில் மியாசிஸ் தொடங்குகிறது. வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம். தாய்வழி 30, தகப்பன்வழி 30. ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, துண்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன. இந்தக் கட்டம் நாள்கணக்கில் நீளும். இதைப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம், ஆனால் முழு வேலையிலும் நுணுக்கமான இடம் இதுதான். ஜோடி சேர்வது பிசகினால் அந்தச் செல்லை உடம்பே அழித்துவிடும். அப்புறம் முதல் பிரிவு, உடனேயே இரண்டாம் பிரிவு. ஒரு செல்லில் இருந்து 30 குரோமோசோம் உள்ள நான்கு செல்கள் கிடைக்கும். இவற்றுக்கு ஸ்பெர்மாடிட் என்று பெயர். இன்னும் வால் முளைக்கவில்லை, உருண்டையாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. இந்தச் செல்கள் பிரிந்தாலும் முழுசாகப் பிரிவதில்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே சைட்டோபிளாசப் பாலம் ஒன்று திறந்தே இருக்கும். நான்கு ஸ்பெர்மாடிட்டில் இரண்டுக்குத்தான் எக்ஸ் குரோமோசோம் கிடைக்கும். மற்ற இரண்டுக்கு ஒய். எக்ஸில் உள்ள அவசியமான பல ஜீன்கள் ஒய்யில் கிடையாது. பாலம் வழியாகப் பொருள்கள் போய்வருவதால்தான் ஒய் கிடைத்த செல்லும் குறையில்லாமல் வளர்கிறது.

அடுத்து உருமாற்றம். கோல்ஜி உறுப்பில் இருந்து தலைக்கு மேல் அக்ரோசோம் என்ற நொதிப் பை அமைகிறது. சென்ட்ரியோலில் இருந்து வால் நீள்கிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் வாலின் தொடக்கத்தைச் சுற்றி வரிசையாக அமர்கின்றன. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பெரும்பகுதி போய், புரோட்டமின் என்ற புரதம் வந்து உட்கார்ந்து, உட்கருவை இறுக்கிச் சுருக்குகிறது. மிச்சமான சைட்டோபிளாசம் கழன்று விழுகிறது.

இத்தனையையும் கூடவே நின்று கவனிப்பது செர்டோலி செல். இத்தாலியில் என்ரிக்கோ செர்டோலி 1865ல் விவரித்தது. குழலின் வெளிச்சுவரில் காலூன்றி நடுப்பகுதி வரை நீண்டு நிற்கும் செல் அது. வளரும் செல்கள் எல்லாம் அதன் மடிப்புகளில் பொதிந்துதான் இருக்கும். சாப்பாடு கொடுப்பது, கழன்று விழும் சைட்டோபிளாசத்தைத் தின்று சுத்தம் செய்வது, இரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்புச் செல்கள் உள்ளே நுழையாமல் தடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கடைசி வேலைக்குக் காரணம் உண்டு: விந்தணு பருவத்துக்கு வந்த பிறகு புதிதாக உண்டாவதால், உடம்பின் காவல் அதை அந்நியம் என்று நினைத்துத் தாக்கிவிடும். குழல்களுக்கு வெளியே இருக்கும் லீடிக் செல்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்கள் செர்டோலியையும் லீடிக்கையும் ஏவுகின்றன.

சரி, உங்கள் கிடாவுக்கு வருவோம். ஆட்டில் ஸ்டெம் செல்லில் இருந்து விந்தணு வரை வளர ஏறத்தாழ 48 நாள் ஆகும். அதன் பிறகு எபிடிடிமிஸ் என்ற சுருள் குழல் வழியாக நகர்ந்து, நீந்தும் திறன் பெற்று வெளியேறத் தயாராக இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். ஆக, இன்றைக்கு வெளிவரும் விந்தணு சுமார் இரண்டு மாதத்துக்கு முன் தொடங்கியது.

விந்தகம் உடம்புக்கு வெளியே தொங்குவது சூட்டுக்குப் பயந்துதான். உடல் வெப்பத்தை விடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை ஓடும். உள்ளே போகும் தமனியைச் சுற்றிக் குளிர்ந்த இரத்தம் திரும்பி வரும் சிரைகள் பின்னிக்கொண்டு, சூட்டை வாங்கிக்கொள்கின்றன. (கோழிச் சேவலுக்கு விந்தகம் வயிற்றுக்குள்தான், உடல் வெப்பமோ 41 டிகிரி. ஆனாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. பறவைகளின் செல்கள் அந்தச் சூட்டுக்கே பழகியவை.) காய்ச்சல் வந்தால் இந்த ஏற்பாடு தோற்றுப்போகும். அதிலும் மியாசிஸில் ஜோடி சேர்ந்து நிற்கும் செல்களும் உருண்டை ஸ்பெர்மாடிட்களும்தான் முதலில் சாகும். ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும்.

அதனால் காய்ச்சல் வந்த முதல் ஒன்றிரண்டு வாரம் வித்தியாசம் தெரியாமல் போகலாம், ஏனென்றால் ஏற்கனவே எபிடிடிமிஸில் சேர்ந்தது செலவாகும். அதற்கு அப்புறம்தான் குறை வெளியே வரும். கிடாவின் ஆசைக்குக் குறைவு இருக்காது. அது ஹார்மோன் விஷயம், லீடிக் செல்கள் அவ்வளவு எளிதில் படுத்துவிடாது. "சேருது, சினை பிடிக்கல" என்று நீங்கள் சொன்னது இதோடு ஒத்துப்போகிறது. காய்ச்சல் விட்ட நாளில் இருந்து இரண்டு மாதம் கணக்கு வைத்தால் ஆடி பிறக்கும் சமயம் வரும். அதற்குப் பிறகு சேர விட்டு, 21 நாள் கழித்து ஆடு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சினை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். இடையில் ஒரு தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விந்தகம் வீங்கியோ கல்லாக இறுகியோ ஒரு பக்கம் சுருங்கியோ இருந்தால் அது வெறும் சூட்டுப் பிரச்சினை ஆகாது. தொற்றாக இருக்கலாம், அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விந்துப் பரிசோதனை பற்றி அங்கே விசாரிக்கலாம். அதுவரை உச்சி வெயிலில் மேய்ச்சலுக்கு ஓட்டாமல் நிழலும் தண்ணீரும் கொடுங்கள்.

இனி நெல்லுக்குப் போவோம்.

பெரிய வித்தியாசம் தொடக்கத்திலேயே இருக்கிறது. செடி எந்தச் செல்லையும் சின்ன வயதில் ஒதுக்கி வைப்பதில்லை. இலை விட்டுக்கொண்டிருந்த அதே குருத்து நுனி, காலம் வந்ததும் பூவாக மாறும். அந்தப் பூவுக்குள் உண்டாகும் மகரந்தப்பையில்தான் முதன்முதலாக "இது ஆண் வழி" என்று சில செல்கள் தனியாகும். பனையை நினைத்துப் பாருங்கள். விதை போட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும் பாளை விட. அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்று பனையேறியாலும் பார்த்துச் சொல்ல முடியாது. வெட்டினாலும் உள்ளே ஆண் செல் என்று எதுவும் தயாராக இருக்காது.

நெல்லில் ஒரு பூவுக்கு ஆறு மகரந்தப்பை. ஒவ்வொன்றிலும் நான்கு அறை. அறைக்குள்ளே மகரந்தத் தாய் செல்கள். அவற்றைச் சுற்றி உள்வரிசையாக டபீட்டம் என்ற ஓர் அடுக்கு. தாய் செல்கள் தங்களைச் சுற்றிக் காலோஸ் என்ற சர்க்கரைப் பொருளால் உறை போட்டுக்கொண்டு மியாசிஸுக்குள் நுழைகின்றன. 24 குரோமோசோம் 12 ஆகிறது. ஒரு தாய் செல்லுக்கு நான்கு செல்கள். இது வரை கிடாவில் பார்த்ததேதான்.

இங்கேதான் பாதை பிரிகிறது. கிடாவில் மியாசிஸ் முடிந்தால் செல் பிரிவே முடிந்தது. மிச்சம் இருப்பது உருமாற்றம் மட்டும். நெல்லில் மியாசிஸ் தருவது நுண்வித்தை. அது ஆண் செல் ஆவதற்கு முன் ஒரு தனி வாழ்க்கை வாழ வேண்டும். டபீட்டம் சுரக்கும் நொதி காலோஸ் உறையைக் கரைத்ததும் நான்கும் தனித்தனியாக விடுபடும். பிறகு நுண்வித்து ஊதிப் பெருத்து, உட்கரு ஓர் ஓரத்துக்கு ஒதுங்கி, சமமில்லாமல் பிரியும். பெரிய பங்கு உடல செல். சிறிய பங்கு உற்பத்தி செல். கொஞ்ச நேரத்தில் சிறியது சுவரை விட்டு விலகி, பெரிய செல்லுக்குள்ளேயே மிதக்கத் தொடங்கும். ஒரு செல்லின் வயிற்றில் இன்னொரு முழு செல்! அந்த உற்பத்தி செல் இன்னொரு தடவை மைட்டாசிஸில் பிரிந்தால் வருவதுதான் இரண்டு விந்து செல்கள். நெல், சோளம் போன்ற புல்வகைகளில் இது மகரந்தப்பைக்குள்ளேயே முடிந்துவிடும். பனைக் குடும்பத்திலும் பெரும்பாலான பூக்கும் தாவரங்களிலும் தூள் சூலகமுடியில் விழுந்து குழாய் விட்ட பிறகுதான் நடக்கும்.

கணக்குப் போட்டால் தேர்வுக்கு உதவும். கிடாவில் மியாசிஸுக்குள் போகும் ஒரு செல்லுக்கு நான்கு விந்தணு. நெல்லில் ஒரு தாய் செல்லுக்கு நான்கு மகரந்தத்தூள், எட்டு விந்து செல். ஒரே தூளில் இருக்கும் இரண்டும் மரபில் அச்சு அசல் ஒன்று, ஏனென்றால் அவை மைட்டாசிஸில் பிறந்தவை. இந்த இரண்டுக்கும் வேலை உண்டு. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும். மற்றது மையச் செல்லோடு சேர்ந்து, கருவுக்கு உணவான கருவூண் ஆகும். அன்றைய ரஷ்யப் பேரரசில் நவாஷின் 1898ல் கண்டறிந்தது இது. நாம் சாப்பிடும் சோற்றுப் பருக்கை முழுக்க அந்த இரண்டாவது விந்து செல் தொடங்கிவைத்த கருவூண்தான்.

பூக்கும் தாவரத்தின் விந்து செல்லுக்கு வால் கிடையாது. நீந்தாது. உடல செல் விடும் மகரந்தக் குழாய்தான் அதைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கிறது.

டபீட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவசாயிக்குப் பதர் வருவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு. செர்டோலி செல் செய்கிற வேலையை இங்கே டபீட்டம் செய்கிறது: சர்க்கரை கொடுக்கிறது, நொதி சுரக்கிறது, தூளின் வெளியுறைக்கு ஸ்போரோபொலனின் மூலப்பொருளைத் தருகிறது. அந்த உறை லட்சக்கணக்கான வருஷம் மண்ணில் கிடந்தாலும் மக்காது. வித்தியாசம் என்னவென்றால், செர்டோலி செல் கிடாவின் ஆயுள் முழுக்க அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். டபீட்டம் ஒரே ஒரு தடவைதான். வேலை முடிந்ததும் தானே சிதைந்து, தன் மிச்சத்தையும் தூளுக்குப் பூசிவிட்டு மறைந்துவிடும். கொஞ்சம் முந்திச் செத்தாலும் கேடு, பிந்திச் செத்தாலும் கேடு. ஒட்டுரக நெல் விதை உற்பத்திக்குச் சீனாவில் யுவான் லாங்பிங் குழு 1970ல் ஹைனான் தீவில் கண்டெடுத்த மலட்டுக் காட்டுநெல் வழியில், தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு ஜீன் டபீட்டத்தை முன்கூட்டியே சாகடிக்கிறது. மகரந்தம் வெறும் கூடாகப் போகிறது. பெண் பாகம் நன்றாகவே இருக்கும்.

வயலில் இதை எங்கே பார்க்கலாம் தெரியுமா? கதிர் இன்னும் வெளியே வராமல் பொதியாக இருக்கும் சமயம், கடைசி இலையான கண்ணாடி இலையின் காதையும் (இலை தண்டைப் பிடித்திருக்கும் இடத்தில் இருப்பது) அதற்குக் கீழ் இலையின் காதையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும்போது உள்ளே மகரந்தத் தாய் செல்கள் மியாசிஸில் இருக்கும். கதிர் வெளிவர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கார் சாகுபடியில் தண்ணீர் முறை தள்ளிப்போய், கடைக்குளத்துப் பயிர் வாடக் கூடாத நாள்கள் இவை. இப்போது வாடினால் மகரந்தப்பைக்குப் போகும் சர்க்கரை கட்டாகி, தூளில் ஸ்டார்ச் நிரம்பாது. அப்புறம் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் போன டபீட்டம் போனதுதான். கிடாவுக்கு ஸ்டெம் செல் இருப்பு உண்டு, இரண்டு மாதத்தில் மீளும். அந்தக் கதிருக்கு மறு வாய்ப்பு இல்லை. பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரிக்கு மேல் போனாலும் மகரந்தப்பை சரியாக வெடிக்காமல் பதர் கூடும். (எல்லாப் பதருக்கும் இதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கழுத்துக் குலைநோயும் கதிர்நாவாய்ப் பூச்சியும் தனிக் கணக்கு.)

சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. கதிர் வெளியே எட்டிப்பார்த்த காலையில், எட்டு மணி போல, இன்னும் வாய் திறக்காத ஒரு பூவை ஊசியால் பிரித்து, மகரந்தப்பை ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நசுக்கி, நீர் சேர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். பள்ளி மைக்ரோஸ்கோப்பே போதும். நல்ல தூள் கருநீல உருண்டையாகத் தெரியும். கெட்டது மஞ்சளாகச் சுருங்கிக் கிடக்கும். அந்த நிறம் உடல செல்லில் சேர்ந்திருக்கும் ஸ்டார்ச்சின் நிறம். விந்து செல்லை இதில் பார்க்க முடியாது.

மகரந்தத்தூளை ஒரு தாவரம் என்று நான் சொன்னது வெறும் பேச்சுக்காக இல்லை. அதைப் பச்சையாகவே பார்க்க வேண்டுமென்றால் குற்றாலத்து ஈரப் பாறைகளுக்கும் பாபநாசத்துக்கு மேலே அகத்தியமலைச் சரிவுகளுக்கும் போக வேண்டும். பெரணி இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளாக இருப்பவை வித்தகக் கூட்டங்கள். அங்கே மியாசிஸ் நடந்து வித்துகள் உதிரும். வித்து ஈர மண்ணில் முளைத்து, விரல்நகத்தை விடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தாவரமாகும். அதற்கு ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம்தான். ஆனாலும் தானே ஒளிச்சேர்க்கை செய்து பிழைக்கும். அதன் அடிப்பக்கத்தில், மைட்டாசிஸ் மூலமாகவே, சுருண்ட வடிவில் பல கசையிழை உள்ள விந்தணுக்கள் உண்டாகி, தண்ணீர்ப் படலத்தில் நீந்திப் போய் முட்டையைச் சேரும். அந்தப் பச்சைத் தாவரம் சுருங்கிச் சுருங்கி, இரண்டு மூன்று செல்லாகி, ஓர் உறைக்குள் அடங்கியதுதான் மகரந்தத்தூள்.

நடுவில் நிற்கும் சாட்சியும் நம் மலையிலேயே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பது சைகஸ் மரத்தின் ஆண் கூம்பு. அதில் மகரந்தத்தூளும் உண்டு, மகரந்தக் குழாயும் உண்டு. ஆனால் குழாய்க்குள் உண்டாகும் விந்தணுக்களுக்குக் கசையிழையும் உண்டு. கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் அளவு பெரியவை. 1896ல் ஜப்பானில் ஹிராசே கிங்கோ மரத்திலும் இக்கேனோ சைகஸ் மரத்திலும் இந்த நீந்தும் விந்தணுக்களைக் கண்டார்கள். காட்டில் சைகஸ் குறைந்துகொண்டே வருகிறது. கூம்பை வெட்டி விற்பதை நிறுத்தினால் நல்லது என்று நான் மனதார விரும்புகிறேன்.

இன்னொரு சான்று நம் நாட்டில் கிடைத்தது. டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் 1964ல் ஊமத்தை இனம் ஒன்றின் மகரந்தப்பையைச் சத்துக் கரைசலில் வளர்த்தபோது, உள்ளிருந்து கருக்கள் கிளம்பின. விந்து செல் ஆகப் போக வேண்டிய நுண்வித்து, வழி மாறி முழுத் தாவரமாகவே வளர்ந்தது, ஒற்றைத் தொகுதிக் குரோமோசோமோடு. இன்றைக்குப் பயிர் ரகங்களை விரைவாக உருவாக்க இந்த முறை பல நாடுகளில் பயன்படுகிறது. ஆட்டு ஸ்பெர்மாடிட்டை என்ன செய்தாலும் அது தனியே ஆடாக வளராது.

மியாசிஸைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் ஆடு வேண்டியதில்லை. வயல்வரப்பில் கிடைக்கும் ஆண் வெட்டுக்கிளியின் விந்தகத்தையும், வெங்காயப் பூவின் இளம் மொட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் குரோமோசோம் பெரிது. மொட்டு எடுக்கும்போது ஒரே பூங்கொத்தில் சிறிசு பெரிசு எல்லா அளவிலும் எடுத்து, மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் என்ற சாயத்தில் நசுக்கிப் பாருங்கள். மகரந்தப்பை மஞ்சள் நிறமாகிவிட்டால் பெரும்பாலும் மியாசிஸ் முடிந்திருக்கும்; நிறம் ஏறாமல் கண்ணாடி மாதிரி இருக்கும் மொட்டுதான் வேண்டும். ஆசிரியரிடம் சொல்லிக் காலை நேரத்தில் எடுங்கள்.